கோணல் வால்

தத்தோ கிராமாட் பின்சந்து, பினாங்
4-3-1929

பக்கத்து வீட்டு அம்மா அவர்களுக்கு,

முன்பின் அறியாதவள் எழுதுகிறேன். செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவள். பெயர் புஷ்பவள்ளி. நான்கு மாதத்துக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்தேன். என் கணவர் ராமதாஸ் கப்பல் ஆபீசில் குமாஸ்தா. காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார். ஆகையால் பகலெல்லாம் நம் இரு வீட்டுக் கொல்லைகளையும் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாக இருக்கிறது.

உங்கள் பக்கத்து வேலிச் சந்திலிருந்து ஒரு பூனை வருகிறது. சாம்பல் நிறம், கறுப்புக் கோடுகள். என் கீரைப் பாத்தியைத் தினமும் பறித்து அசுத்தம் செய்துவிட்டுப் போகிறது. அது பெரிய விஷயமில்லை. என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் ஏதாவது வழி செய்வார்.

நான் எழுதுவது வேறு காரணத்துக்காக. நேற்று அந்தப் பூனை என் அடுக்களைப் படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அதன் வாலைப் பார்த்தேன். நுனிக்கு நான்கு விரற்கடை முன்னால் எலும்பு முறிந்து கொக்கிபோல் வளைந்திருக்கிறது. தடியால் அடித்தாலோ கதவில் வைத்து நசுக்கினாலோ தவிர அப்படி ஆகாது. யார் செய்தார்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை. வாயில்லாப் பிராணியிடம் இனியாவது இரக்கம் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புஷ்பவள்ளி

*

786
5-3-1929

பக்கத்து வீட்டுக்காரருக்கு,

நூர் பீவி எழுதுவது. துணி துவைக்கிற நோர்மா உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. இருபத்துநான்கு நாளாக இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சத்தம் கேட்டு நோர்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அந்த வாலை யாரும் உடைக்கவில்லை லா. இந்த ஊர்ப் பூனைகள் பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கின்றன. சிலதுக்குக் கொக்கி, சிலதுக்கு முடிச்சு, சிலதுக்குப் பாதி வால்தான். பாசாரில் போய்ப் பாருங்கள், மீன்கடைக்குக் கீழே இருபது பூனை இருக்கும், இருபதுக்கும் கோணல். நேர்வாலோடு ஒன்று வந்தால்தான் நாங்கள் "நீ எந்தக் கப்பலில் இறங்கினாய்?" என்று கேட்போம்.

நீங்கள் புதிது. தெரியாமல் எழுதினீர்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நோன்புக்கு முதல் நாள் என் மாப்பிள்ளை மௌத்தாகிவிட்டார். சூலியா தெருவில் கைலிக்கடை வைத்திருந்தார், மூன்று நாள் காய்ச்சல். நான் இத்தா இருக்கிறேன். எங்களில் புருஷன் போனவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. பிள்ளைகுட்டி இல்லை. ஆகவே இந்த வீட்டில் இப்போது அடிக்கவும் ஆள் இல்லை, அடிபடவும் ஆள் இல்லை.

பூனையும் என்னுடையது இல்லை. எங்கிருந்தோ வருகிறது. உங்களிடம் வருவதுபோல.

நான் அம்மாவும் இல்லை. வயது இருபத்தெட்டு.

நூர் பீவி

*

6-3-1929

அவர்களுக்கு,

உங்களை என்னவென்று அழைப்பது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

துக்க வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேனே என்று நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அன்று உங்கள் வாசலில் கூட்டம் கூடியதைப் பார்த்தேன். பண்டிகை ஏதோ என்று நினைத்துவிட்டேன். இந்த ஊரில் எனக்கு எது என்னவென்று சொல்ல யாருமில்லை. அது என் குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது.

நேரில் வந்து மன்னிப்புக் கேட்கலாமா?

புஷ்பவள்ளி

*

786
8-3-1929

தங்கச்சிக்கு,

எங்களில் அக்காவை ராத்தா என்போம். அப்படியே அழையுங்கள், இனித் தாள் கிழிக்க வேண்டாம்.

நேரில் வராதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. பெண்கள் வரத் தடையில்லை, தினம் யாராவது வருகிறார்கள். வந்து எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார்கள். நான் அழுதால், "பாவம், தாங்குவாளா" என்பார்கள். அழாவிட்டால் வெளியே போய் வேறு மாதிரி பேசுவார்கள். நீங்கள் ஒருவர்தான் என் முகம் தெரியாமல் என்னோடு சண்டை போட்டவர். அப்படியே இருங்கள், எழுதுங்கள். இத்தா முடிந்ததும் நானே உங்கள் வாசலுக்கு வருகிறேன். அதுதான் நான் போகிற முதல் வீடு.

கீரைப் பாத்திக்கு வழி சொல்கிறேன். பூனைக்குக் காய்ந்த பொலபொல மண்தான் பிடிக்கும். விடியற்காலையில் பாத்தியை நன்றாக நனைத்துவிடுங்கள். பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளி ஓரமெல்லாம் போடுங்கள், அந்த வாசனை அதுக்கு ஆகாது. செடிகளுக்கு நடுவே சிப்பி ஓட்டைக் கவிழ்த்துப் பரப்புங்கள், கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் ஒரு கதவை மூடினால் இன்னொன்றைத் திறக்க வேண்டும் இல்லையா? கொல்லை மூலையில் ஒரு முழத்துக்கு மணல் கொட்டி வையுங்கள். அதுவும் கௌரவமாகப் போய்வரட்டும்.

வெந்நீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். முன்னால் உங்கள் வீட்டில் இருந்தவள் ஊற்றினாள்.

நூர் ராத்தா

*

16-3-1929

அன்புள்ள ராத்தாவுக்கு,

சிப்பி ஓடும் பம்ப்ளிமாஸ் தோலும் வேலை செய்கின்றன. ஆறு நாளாகப் பாத்தியில் ஒரு குழியும் இல்லை. மணல் மூலைக்கு முதலில் வரவில்லை. நேற்று வந்து மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உட்கார்ந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை உங்கள் பெருநாள். தெரு முழுவதும் புதுத்துணி போட்டுக்கொண்டு நடந்தது, உங்கள் வீட்டு ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தது. எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. இத்துடன் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் அப்பா பள்ளிக்கூடத்து ஆசிரியர். எனக்கு நகை போதாது என்று பேச்சு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் போட்டு அனுப்பினார். நிறையப் படித்த பெண் என்பதால் இங்கே என் கணவர் என்னிடம் சற்று எச்சரிக்கையாகவே இருக்கிறார். நல்லவர். குரலை உயர்த்தியதே இல்லை. காலையில் "வரட்டுமா?" என்பார். மாலையில் "மழை வந்ததா?" என்பார். வந்தது, வரவில்லை என்று சொல்வேன். நாங்கள் சண்டை போடுவதே இல்லை, ராத்தா. சண்டைக்கும் கொஞ்சம் பேச்சு வேண்டுமே.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

புஷ்பவள்ளி

*

786
2-4-1929

தங்கச்சிக்கு,

புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நூற்றுப் பத்தாம் பக்கத்தில் பூனை மயிர் ஒட்டியிருக்கும், மன்னியுங்கள். அந்த இடத்தில் அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், நானும் மேலே வாசிக்கவில்லை. வாப்பாவுக்குக் கண் மங்கியபோது பத்திரிகை வாசித்துக் காட்டத்தான் எனக்குத் தமிழ் சொல்லித் தந்தார்கள். எனக்காகச் சத்தமில்லாமல் ஒரு புத்தகம் வாசிப்பது இதுதான் முதல் தடவை.

அவளுக்கு நான் பெயர் வைத்துவிட்டேன். ஜமீலா. அழகி என்று அர்த்தம். அந்த வாலோடு.

இவர் இருந்தபோது அவளைக் கிட்டே சேர்க்கமாட்டார். கைலியில் நகம் படும் என்று பயம். அவர் போன மூன்றாம் நாள் எல்லோரும் கத்தம் ஓதிவிட்டுப் போன பிறகு இவள் நேரே வந்து அவர் உட்காரும் பாயில் படுத்துக்கொண்டாள். விரட்டக் கையை ஓங்கினேன். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் வைத்தேன். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இரண்டாம் பந்தி சாப்பிடுகிறாள் போலிருக்கிறதே, கள்ளி. வயிறு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது சோற்று வயிறு இல்லை, தங்கச்சி.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கிறவளாக இருந்தால் முதல் கடிதத்தையே கிழித்திருப்பேன்.

நூர் ராத்தா

*

20-4-1929

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஆம், இரண்டாம் பந்தி இங்கேதான். பன்னிரண்டு மணிக்கு நெத்திலித் தலை, கொஞ்சம் சோறு. சாப்பிட்டதும் போவாள் என்று நினைப்பேன். போவதில்லை. நான் படிக்கும் பக்கத்தின்மேல் வந்து படுத்துக்கொள்கிறாள். எந்த வரியை நான் படிக்கிறேனோ சரியாக அந்த வரியின்மேல். எனக்கு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. "ஏய்" என்கிறேன், வந்துவிடுகிறாள்.

என் கணவருக்கு இது தெரியாது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. பிப்ரவரியில் அவரிடம் பாத்தி பாழாகிறது என்று அழுதேன். உண்மையில் பாத்திக்காக அழவில்லை, ஊரிலிருந்து கடிதம் வராத நாள் அது. அவரோ பாத்திக்காக என்றே எடுத்துக்கொண்டார். இப்போது பம்ப்ளிமாஸ் தோலையும் சிப்பி ஓட்டையும் பார்த்துவிட்டு, "இன்னும் தொல்லையா?" என்று நேற்றுக் கேட்டார். இல்லை, அந்தத் தொல்லைக்கு நான் மதியம் சோறு வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சிரிப்பாரோ, வருத்தப்படுவாரோ தெரியவில்லை. "ம்" என்றேன். அவரும் "ம்" என்றார்.

புஷ்பவள்ளி

*

786
7-5-1929

தங்கச்சிக்கு,

அவசரம். ஜமீலா வெள்ளிக்கிழமை குட்டி போட்டுவிட்டாள், வயிறு ஒட்டிப்போய் வந்தாள். எங்கே போட்டாள் என்று காட்டவில்லை. ஞாயிறு வரை வந்து தின்றுவிட்டு ஓடினாள். நேற்றிலிருந்து காணவில்லை. குட்டி போட்டவள் சாப்பாட்டுக்கு வராமல் இருக்கமாட்டாள். உங்கள் பக்கம் பார்த்தீர்களா? நோர்மாவைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நூர் ராத்தா

*

7-5-1929

ராத்தா,

பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

நேற்றுக் காலை என் கணவர் ஆபீசுக்குப் போன பிறகு புல் வெட்டுகிற பக்கிரிசாமி கோணியோடு வந்தார். மணல் மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள், மனிதரைக் கண்டு ஓட மறந்துவிட்டாள். அதுவும் என்னால்தான். கோணியைப் போட்டுக் கட்டிவிட்டார். நான் அடுக்களை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "ஐயாதான் சொன்னாரும்மா. நீங்க அழுதீங்களாமே" என்றார். ஆயர் ஈத்தாம் பாசாரில் விடப்போவதாகச் சொன்னார். மீன் கழிவு கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும், எல்லோரும் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள் என்றார்.

உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். "விடு" என்ற இரண்டு எழுத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், மாலையில் அவரிடமும் சொல்லுவார், நான் இரண்டு மாதமாக ஒன்றைச் செய்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருந்தது தெரியவரும் என்று நினைத்தேன். அவ்வளவு சிறிய காரணம். கோணி அசைந்துகொண்டே போனது.

இரவு சாப்பிடும்போது அவர், "இனிப் பாத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்றார். எனக்காகத்தான் செய்திருக்கிறார். அதுதான் தாங்கவில்லை.

குட்டி போட்டது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இப்போது உங்கள் கடிதம் படித்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போனேன். விறகுக்குப் பின்னால் மூன்று இருக்கின்றன. கண் திறக்கவில்லை. ஒன்று கத்துகிறது, இரண்டு கத்தவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது.

என்ன செய்யட்டும்?

புஷ்பவள்ளி

*

786
7-5-1929

குட்டிகளை நோர்மா கையில் கொடுங்கள். பழைய துணி சுற்றி, அவள் வாசனை இருக்கட்டும் என்று மேலே உங்கள் சேலைத் தலைப்பு ஒன்றும் வைத்து. டின்பாலை வெந்நீரில் நீர்க்கக் கலந்து திரியில் நனைத்துக் கொடுக்கிறோம். நோர்மா முன்னால் அப்படி ஒன்றைப் பிழைக்க வைத்திருக்கிறாள். ஆனால் தாய்க்கு ஈடில்லை.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. அது பிறகு.

நான் போய்த் தேட முடியாது. புருஷனுக்கு இத்தா இருந்தவள் பூனைக்கு வாசல் தாண்டினாள் என்று தைப்பிங்கில் இருக்கிற இவர் அண்ணன் வீடு வரை பேச்சு போகும். நோர்மாவுக்கு இங்கே திரி பிடிக்க வேண்டும். நீங்கள்தான் போக வேண்டும். தனியாக டிராமில் போனதில்லை என்று தெரியும். தத்தோ கிராமாட் நிறுத்தத்தில் ஏறினால் கடைசி நிறுத்தம்தான் ஆயர் ஈத்தாம். இறங்கினால் பாசார் மூக்குக்கு நேரே. நோர்மாவின் மூடிக்கூடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நூர்

*

8-5-1929

ராத்தாவுக்கு,

போய்வந்தேன். கூடை நோர்மா கையில் வருகிறது. மூடியை மெதுவாகத் திறக்கவும், மிகவும் கோபமாக இருக்கிறது.

டிராமில் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டே போனேன். பாசாரில் மீன்கடைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் இருபது என்று எழுதினீர்கள், இன்னும் அதிகம் இருக்கும். எல்லாம் சாம்பல், எல்லாம் கோடு, எல்லாம் கோணல் வால். உலகத்தில் ஒரே ஒரு முறிந்த வால் என்று நினைத்து உங்களுக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினேனே, அந்த வாலைத் தவிர அவளிடம் நான் வேறெதையும் சரியாகப் பார்க்கவே இல்லை. கண் பச்சையா மஞ்சளா? காதில் வடு உண்டா? இரண்டு மாதம் மடியில் கிடந்தாள், தெரியவில்லை.

"ஏய்" என்று கூப்பிட்டேன். ஒன்றும் திரும்பவில்லை, மீன்கடைச் சீனர்தான் திரும்பினார். வெட்கத்தை விட்டு "ஜமீலா, ஜமீலா" என்று கூப்பிட்டேன். வெற்றிலை விற்கிற மலாய்க்காரி ஒருத்தியும் காரணம் கேட்காமல் என்னோடு சேர்ந்து கூப்பிட்டாள். கடைசிக் கடைக்குக் கீழேயிருந்து ஒன்று எழுந்து வந்து என் காலில் உரசியது. வயிறு தொங்குகிறது, பால் கட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். அள்ளிக் கூடையில் போட்டேன். கை முழுக்கக் கீறல். டிராமில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

குட்டிகள் எப்படி இருக்கின்றன?

புஷ்பவள்ளி

*

786
9-5-1929

தங்கச்சிக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. நீங்கள் கொண்டுவந்தது ஜமீலா இல்லை. பெண்ணே இல்லை. கடுவன். நீங்கள் பால் என்று நினைத்தது பாசார் மீன் தின்ற தொப்பை. குட்டிகளைக் கிட்டே வைத்தேன், ஒருமுறை முகர்ந்துவிட்டு அலமாரிமேல் ஏறிவிட்டான். நோர்மா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அழுதேன். அவர் மௌத்தான பிறகு யாரும் பார்க்காமல் அழுதது நேற்றுத்தான்.

கத்தாமல் கிடந்த குட்டிகளில் ஒன்று நேற்றுப் போய்விட்டது. எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம். மற்ற இரண்டும் திரியைச் சப்புகின்றன. உங்களிடம் மறைக்கமாட்டேன் என்பதால் எழுதுகிறேன், அழவைப்பதற்காக இல்லை.

என் கோபத்தைச் சொல்கிறேன் என்றேனே. இதுதான். ஆயர் ஈத்தாம் வரை போய், நடுப்பாசாரில் நின்று, கண்ட மனுஷருக்கு நடுவே ஜமீலா என்று கத்த உங்களுக்கு வாய் இருந்தது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷரிடம் ஒரு வார்த்தை சொல்ல இல்லை. எனக்கு இவரிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. கடை மூடி வரட்டும், சாப்பிடட்டும், நோன்பு வரட்டும் என்று வைத்திருந்தேன். நான் வைத்திருந்தது அப்படியே இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நூர் ராத்தா

*

12-5-1929

அன்புள்ள ராத்தாவுக்கு,

நோர்மா முன்னாலேயே ஓடிவந்து சொல்லியிருப்பாள். ஆனாலும் நானே எழுத வேண்டும்.

இன்று ஞாயிறு, அவர் வீட்டில் இருந்தார். பதினொரு மணிக்கு விறகுக் கொட்டகையில் ஏதோ உருளும் சத்தம். அவள்தான். உடம்பில் பாதி இல்லை, பின்னங்கால் ஒன்றை ஊன்றவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து இங்கே நான்கு மைல் இருக்குமாம், டிராம் தண்டவாளம், மாட்டுவண்டி, நாய்கள் எல்லாம் தாண்டி ஆறு நாளில் வந்திருக்கிறாள். விறகை ஒவ்வொன்றாக முகர்ந்து பின்னால் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

அவர் கொட்டகைக்கு வந்து, "அதே பூனையா? திரும்பிவிட்டதா?" என்று கேட்டுவிட்டுக் கம்பைத் தேடினார். நான் அவருக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றேன். "வேண்டாம். இவளுக்கு நான் தினமும் சோறு வைக்கிறேன்" என்றேன். ஆரம்பித்தால் நிற்கவில்லை. குட்டிகள், பாசார், டிராம், கடுவன், நீங்கள், ஊர்க் கடிதம் வராத நாள் எல்லாவற்றையும் விறகுக் கொட்டகையில் நின்றுகொண்டே சொன்னேன். முடித்த பிறகு அவர், "சொல்லியிருக்கலாமே, புஷ்பா" என்றார். பிறகு, "நானும் கேட்டிருக்கலாம்" என்றார்.

ராத்தா, அவர் இதுவரை என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

குட்டிகளை வேலிச் சந்து வழியாக நோர்மா நீட்ட, வாங்கி அவள் பக்கத்தில் வைத்தது அவர்தான். அவள் அவரைப் பார்த்துச் சீறினாள். "சரி, எனக்கு வேண்டியதுதான்" என்றார். சாயங்காலம் ஆரஞ்சுப் பெட்டி ஒன்றை அறுத்து மணல் நிரப்பிக் கொட்டகையில் வைத்திருக்கிறார். மழையில் கொல்லை மணல் நனைகிறதாம். எனக்கு அது தோன்றவில்லை.

கண் பச்சை. வலது காதில் சிறிய வெட்டு. பின்னங்கால் விரலில் ஒன்று மட்டும் வெள்ளை. இப்போது எல்லாம் தெரியும்.

புஷ்பவள்ளி

*

786
15-6-1929

தங்கச்சிக்கு,

செவ்வாயோடு என் இத்தா முடிகிறது. புதன்கிழமை காலையில் பெரிய மச்சான் ஹபீப் முகம்மது கார் கொண்டுவருகிறார். அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறித் தைப்பிங். இனி அவர்கள் வீட்டில்தான் நான். இந்த வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்களாம். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தனியாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா என்று தெரியாது. உங்களுக்குப் புத்தி சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

மச்சான் வீட்டில் ஒரு பூனை வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றுதான். நான் வெகுநேரம் யோசிக்கவில்லை. ஜமீலாவுக்கு இரண்டு குட்டி, இரண்டு வீட்டுக் கொல்லை, அவளே நடந்து திரும்பி வந்த இடம். அதைப் பிரிக்கக்கூடாது. அவள் உங்களிடம் இருக்கட்டும். நான் கடுவனைக் கொண்டுபோகிறேன். அவனுக்குப் பாசார் என்றே பெயர் வைத்துவிட்டேன். யாரும் தேடாத பிள்ளை அவன், தப்பாகத் தூக்கி வந்தோம். இப்போது அவர் பாயில் அவன்தான் படுக்கிறான், விரட்டினாலும் போவதில்லை. ஒரு மாதமாகப் பழகிவிட்டது, அவனுக்கும் எனக்கும்.

சொன்னபடி முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வருவேன். புதன்கிழமை, கார் வருவதற்கு முன்.

நூர் ராத்தா

*

2-7-1929

அன்புள்ள ராத்தாவுக்கு,

தைப்பிங் விலாசத்துக்கு முதல் கடிதம். நோர்மா கொண்டுபோகாமல் தபால்காரர் கொண்டுபோகிற முதல் கடிதமும் இதுதான். தபால் பெட்டியில் போடுமுன் விலாசத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்கு நீங்கள் வந்தபோது நான் ஒன்றுமே பேசவில்லை. நீங்கள் போன பிறகு என்னை நானே எவ்வளவு திட்டிக்கொண்டேன் தெரியுமா? மூன்று மாதம் எழுதினோம், எதிரில் வந்ததும் ஒருவருக்கொருவர் புதிய மனிதர்களாகிவிட்டோம். நீங்கள் நான் நினைத்ததைவிடக் குள்ளம். குரல் நான் நினைத்ததைவிட மெல்லியது. வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தீர்கள். "சீனி போதுமா?" என்று கேட்டேன், "போதும்" என்றீர்கள். பிறகு இரண்டு பேரும் அடுக்களைப் படியில் உட்கார்ந்து ஜமீலா குட்டிகளை நக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார் ஹாரன் அடித்தபோது நீங்கள் என் கையைப் பிடித்துக் கீறல் வடுவைத் தடவிப் பார்த்தீர்கள். அவ்வளவுதான். உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, ராத்தா. பார்த்தால் நீங்கள் அழுகிறீர்களா இல்லையா என்று பார்க்கிறவர்களில் ஒருத்தி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பாசார் ரயிலில் என்ன செய்தான்? கட்டாயம் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வாடகைக்கு என்ற பலகை தொங்குகிறது. ஜமீலா குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டுத் தினமும் ஐந்து மணிக்கு வேலிச் சந்தில் நுழைந்து போகிறாள். முதலில் வேலியை அடைத்துவிடலாமா என்று நினைத்தேன். காலி வீட்டில் அவள் தேடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். அவள் தேடுவதில்லை. உங்கள் பின்வாசல் படியில் வாலைச் சுற்றிக்கொண்டு, அது சுற்றாது, கொக்கி மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும், அப்படியே அரை மணி உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழுந்து வந்துவிடுகிறாள்.

நேற்று நானும் போனேன். செம்பருத்தியை விலக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. எலுமிச்சை மரத்தடியில் சிறிய கல் ஒன்று வைத்திருக்கிறீர்கள். நான் பார்த்தேன். படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் என் அடுக்களை ஜன்னல் முழுவதும் தெரிகிறது. இவ்வளவு நாளும் நான் அங்கே நிற்பதை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

திரும்பி வந்தபோது அவர் ஆபீசிலிருந்து வந்திருந்தார். வீட்டில் என்னைக் காணாமல் கொல்லைக்கு வந்து நின்றார். "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

தங்கச்சி,
புஷ்பா